முதலில் வன்முறையை விசாரியுங்கள்: குடும்ப நீதிமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப நீதிமன்ற நீதிபதிகளுக்கும், அங்கே பணியாற்றும் ஆலோசகர்களுக்கும், குழந்தையின் நலன் குறித்து அறிக்கை எழுதித் தரும் உளவியல் நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

அடியும் மிரட்டலும் தாங்க முடியாமல் குழந்தையோடு வீட்டை விட்டு வெளியேறிய பெண்களுக்கு மனு எழுத உதவுவதும், வாய்தா நாட்களில் அவர்களோடு கூட வந்து உட்காருவதும் என் வேலை. நான் வக்கீல் இல்லை. உங்கள் அறையில் எழுந்து பேச எனக்கு உரிமை கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பல ஆண்டுகள் பார்த்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது. கஸ்டடி வழக்கில் கேட்க வேண்டிய கேள்விகளைத் தலைகீழ் வரிசையில் கேட்கிறீர்கள். குழந்தை அப்பாவை எப்போது பார்ப்பது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விடுமுறையில் யாரிடம் இருப்பது என்றுதான் முதல் நாளே பேச்சு தொடங்குகிறது. அந்த வீட்டில் என்ன நடந்தது என்ற கேள்வி எங்கேயோ பின்னால் நிற்கிறது. பல வழக்குகளில் அதன் முறை வருவதே இல்லை. இடைக்கால உத்தரவு ஒன்று போடப்படும், மாதங்கள் ஓடும், குழந்தை அந்த ஏற்பாட்டுக்குப் பழகிவிட்டது என்று சொல்லி அதுவே கடைசி உத்தரவும் ஆகிவிடும். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமலேயே நடைப்பயிற்சிக்கு நேரம் குறித்துக் கொடுப்பது போன்றது இது.

வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வன்முறை நடந்ததா, எப்படிப்பட்டது, இன்னும் தொடர்கிறதா என்று முதலில் விசாரித்து முடிவு சொல்லுங்கள். குழந்தை யாரிடம் எவ்வளவு நேரம் இருப்பது என்பதை அதற்குப் பிறகு பேசுங்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வழக்குக் கட்டுகள் குவிந்து கிடக்கின்றன. வன்முறையை விசாரிக்க சாட்சி வேண்டும், நாள் வேண்டும். சந்திப்பு நேரத்தையோ ஒரே அமர்வில் பேசி முடித்துவிடலாம். குழந்தைக்கு அப்பா, அம்மா இருவருமே வேண்டும் என்ற நல்லெண்ணமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அந்த எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஒத்துவராமல் பிரிந்த தம்பதியின் குழந்தைக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். உங்கள் முன்னால் நிற்பவர்கள் ஒத்துவராமல் பிரிந்தவர்களா, ஒருவர் மற்றவரிடமிருந்து தப்பி வந்தவரா என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அதைப் பொருத்திவிடுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைப் பற்றி அரசே ஒரு நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. 2020 ஜூனில் வந்த அதன் அறிக்கை, எப்படியாவது சந்திப்புக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்ற மனப்போக்கு நீதிமன்றங்களில் ஊறிப்போயிருக்கிறது, அதனால் வன்முறைப் புகார்கள் ஒதுக்கப்படுகின்றன என்று சொன்னது. நீதிமன்றத்துக்கு வெளியே நிற்கிற என்னைப் போன்றவர்களின் புலம்பலாக மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது.

ஸ்பெயினில் நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஞ்செலா கொன்சாலெஸ் கார்ரெனோ என்ற பெண் 1999இல் மகள் ஆண்ட்ரியாவுடன் கணவனை விட்டு வெளியேறினார். அதன் பிறகும் மிரட்டலும் பின்தொடர்தலும் நிற்கவில்லை. 30க்கும் மேற்பட்ட முறை புகார் கொடுத்தார். பாதுகாப்பு உத்தரவு கேட்டார். முதலில் யாராவது உடனிருக்கும்போது மட்டும் தகப்பன் மகளைப் பார்க்கலாம் என்று இருந்தது. 2002இல் நீதிமன்றம் அதைத் தளர்த்தி, மேற்பார்வை இல்லாமலேயே பார்க்க அனுமதித்தது. 2003 ஏப்ரலில், அப்படியொரு சந்திப்பின்போது, ஏழு வயது ஆண்ட்ரியாவைக் கொன்றுவிட்டு அவனும் உயிரை மாய்த்துக்கொண்டான்.

அந்தத் தாய் விடவில்லை. உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிரித்த பிறகு, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் போனார். 2014இல் அந்தக் குழு ஸ்பெயின் அரசு தவறிவிட்டது என்று முடிவு சொன்னது. தாயையும் தகப்பனையும் காகிதத்தில் சமமாக நிறுத்தி, சந்திப்பு உரிமையை ஒரு வாய்ப்பாடாகப் பார்த்ததால், தகப்பனின் வன்முறை சிறிதாக்கப்பட்டது, தாயும் மகளும் பட்ட பாடு கணக்கில் வராமல் போனது என்பது அதன் சாரம். 2018இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் அந்த முடிவுக்கு அரசு கட்டுப்பட்டது என்று தீர்ப்பளித்து 6,00,000 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மகள் இறந்து அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சந்திப்பு உத்தரவைப் போட்டவர் கெட்ட எண்ணத்தோடு போட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. 30 புகார்களும் அவருக்குக் கணவன் மனைவி தகராறாகத்தான் தெரிந்திருக்கும்.

இங்கிலாந்திலும் 2014 அக்டோபரில் இப்படி ஒன்று நடந்தது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று க்ளேர் த்ரோசல் என்ற தாய் எச்சரித்திருந்தார். அதையும் மீறி அனுமதிக்கப்பட்ட ஒரு சந்திப்பின்போது தகப்பன் வீட்டுக்குத் தீ வைத்தான். 12 வயதிலும் 9 வயதிலும் இருந்த இரண்டு மகன்களும் இறந்துபோனார்கள். அவர் அதற்குப் பிறகு ஓயாமல் குரல் கொடுத்தார். பெற்றோர் இருவரின் பங்கும் குழந்தைக்கு நல்லது என்று முன்கூட்டியே அனுமானிக்கும் சட்டப் பிரிவை நீக்கப்போவதாக அந்த நாட்டு அரசு அறிவிக்க 2025 அக்டோபர் வரை ஆனது.

கொலையில் முடிகிற வழக்குகள் குறைவு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். மற்ற வழக்குகளில் குழந்தை உயிரோடு இருக்கிறது, பயந்துகொண்டே வளர்கிறது. அடி தன்மேல் விழாவிட்டாலும் குழந்தைக்கு அது காயம்தான் என்று சொல்ல இன்று புதிதாக ஆய்வு எதுவும் தேவையில்லை. குழந்தைப் பருவத்துத் துன்பங்கள் பெரியவர்களான பின் உடல்நலத்தை எப்படிக் கெடுக்கின்றன என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 1998இல் வெளிவந்தது. அது எடுத்துக்கொண்ட ஏழு வகைத் துன்பங்களில், தாய் அடிபடும் வீட்டில் வளர்வதும் ஒன்று. இங்கிலாந்தின் 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், வன்முறையைப் பார்த்தும் கேட்டும் வளரும் குழந்தையும் நேரடியாகப் பாதிக்கப்பட்டவரே என்று எழுதியே வைத்துவிட்டது. கனடாவின் விவாகரத்துச் சட்டமும் 2021 மார்ச் முதல் இதே வழிக்கு வந்தது. ஆனாலும் நீதிமன்ற வராந்தாவில் நான் அடிக்கடி கேட்கும் வாசகம் இதுதான்: “அவர் மனைவியைத்தானே அடித்தார், பிள்ளைமேல் கை வைத்ததில்லையே. நல்ல அப்பாதான்.” தாயை அடிப்பதும் தகப்பனாக ஒருவர் எடுக்கும் முடிவுதான். பக்கத்து அறையில் பிள்ளை விழித்திருக்கிறது என்று தெரிந்தே எடுக்கும் முடிவு.

இனி, அந்தத் தாய் உங்கள் முன் நிற்கும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதி வழக்கு தோற்பது அங்கேதான். மனு எழுத உட்காரும்போது, முதல்முறை எப்போது அடித்தார் என்று கேட்பேன். தேதி நினைவில் இருக்காது. அன்று குழந்தை என்ன சட்டை போட்டிருந்தது, எந்தக் கதவு சாத்தியிருந்தது என்று துல்லியமாகச் சொல்வார்கள். பயத்தில் பதிந்த நினைவு தேதிவாரியாக வெளியே வராது. இரண்டாவது முறை சொல்லும்போது முதல்முறை விட்டுப்போனது ஒன்று வரும். எதிர்த்தரப்பு வக்கீல் அதை முரண்பாடு என்பார். இட்டுக்கட்டிப் பேசியிருந்தால் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். சில பெண்கள் யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல ஒரு சலனமும் இல்லாமல் சொல்வார்கள். அழவே இல்லையே, நிஜமாக நடந்திருக்குமா என்று குறிப்பு எழுதப்படும். சிலர் படபடத்துக் குரலை உயர்த்திவிடுவார்கள். நிலையில்லாதவர் என்று எழுதப்படும். எதிரே கணவர் அமைதியாக உட்கார்ந்து, “என் பிள்ளையைப் பார்க்கத்தானே ஐயா கேட்கிறேன்” என்பார். அந்த அறையில் அவர் பயப்பட வேண்டியவர் யாருமில்லை. அவருடைய நிதானத்தை வைத்து அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆதாரம் எங்கே என்பீர்கள். காயத்தின் படம், மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலையத்தில் கொடுத்த புகார், எல்லாம் இருந்தால் நல்லது. ஆனால் கழுத்தை நெரித்தால் பல நேரம் வெளியே தடமே தெரியாது. முன்பு துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ‘ஒரு தடவை கழுத்தைப் பிடித்தார்’ என்று மனுவில் பதினேழாம் பத்தியில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் தயவுசெய்து நின்று கேளுங்கள்.

அடி மட்டுமே வன்முறை என்று எடுத்துக்கொண்டாலும் தவறிவிடும். கைபேசியைச் சோதிப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, அவளுடைய அம்மாவோடு பேசவிடாமல் செய்வது, பிள்ளையைப் பறித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பது, இவற்றைத் தனித்தனியாக எடுத்தால் சில்லறை விஷயம் மாதிரித் தெரியும். எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெண்ணைக் கட்டிப்போடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் எவன் ஸ்டார்க் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 மார்ச்சில் இதே காரணத்துக்காக ஒரு பழைய வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. அங்கே புகார்களைத் தேதிவாரியாக ஒரு அட்டவணையில் நிரப்பி, ஒவ்வொன்றாக நிரூபிக்கச் சொல்வார்கள். ஸ்காட் ஷெட்யூல் என்று அதற்குப் பெயர். கட்டுப்படுத்தும் வன்முறையை அப்படித் துண்டு போட்டுப் பார்த்தால் அதன் போக்கு தெரியாமல் போய்விடும் என்றது அந்த நீதிமன்றம். உங்கள் நீதிமன்றத்தில் அட்டவணை இல்லாமல் இருக்கலாம். ‘இரண்டே இரண்டு சம்பவம்தானே’ என்ற கணக்கு இருக்கிறது.

இப்போது என்னை மிகவும் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தாய் வன்முறையைச் சொன்னதுமே எதிர்த்தரப்பிலிருந்து வரும் பதில், இவள் பிள்ளையை அப்பாவுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறாள் என்பது. பேரண்டல் ஏலியனேஷன் சிண்ட்ரோம் என்று இதற்கு ஒரு நோயின் பெயரைப் போல ஒன்றைச் சூட்டியவர் ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1985இல். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அது சேர்க்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் தேடுசொல்லாக மட்டும் ஒட்டிக்கொண்டிருந்ததையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம், 2023இல் மனித உரிமைக் கவுன்சிலுக்குத் தந்த அறிக்கையில், இந்தக் கருத்தைக் குடும்ப வழக்குகளில் பயன்படுத்துவதை நாடுகள் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஸ்பெயின் 2021லேயே சட்டம் கொண்டுவந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத் தீர்ப்பு ஒன்றில், அவசரப்பட்டு ஒரு பெற்றோர்மேல் இந்த முத்திரையைக் குத்தக் கூடாது, என்ன செய்தார் என்று குறிப்பாகக் காட்ட வேண்டும் என்று சொன்னது.

பிள்ளையின் மனதைக் கெடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அம்மாக்களிலும் உண்டு, அப்பாக்களிலும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தை தகப்பனைப் பார்க்க மறுத்தால் காரணம் இரண்டாக இருக்கலாம்: யாரோ சொல்லிக்கொடுத்தது, அல்லது தானே கண்டது. வன்முறையை விசாரிக்காமல் இதில் எது என்று எப்படிச் சொல்வீர்கள்? வரிசை தலைகீழாக இருப்பதன் முழு ஆபத்தும் இங்கேதான் தெரிகிறது. அமெரிக்காவில் ஜோன் மையர் தலைமையில் 2005 முதல் 2014 வரை வெளியான தீர்ப்புகளை ஆராய்ந்தார்கள். வன்முறையைப் புகாராகச் சொன்ன தாய்மார்களுக்குக் குழந்தையை இழக்கும் ஆபத்து கூடுகிறது, தகப்பன் இந்த எதிர்க்குற்றச்சாட்டை வைத்தால் அந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று கண்டார்கள். அந்த ஆய்வின் முறையை எதிர்த்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். படித்துப் பார்த்து நீங்களே எடைபோடுங்கள். எனக்குத் தெரிந்த வக்கீல்கள் சிலர் பெண்களிடம் இப்படிச் சொல்வது மட்டும் நிஜம்: “அடித்ததை ரொம்பச் சொல்லாதீங்கம்மா, பிள்ளையே கை நழுவிடும்.” உண்மையைச் சொன்னால் தண்டனை என்று ஒரு நீதிமன்றத்தைப் பற்றி ஊரே நம்பினால், அங்கே விசாரணைக்கு என்ன மதிப்பு?

ஆஸ்திரேலியா இந்தப் பாடத்தை நேராகவே கற்றது. மற்ற பெற்றோரோடு பிள்ளை நெருங்கி இருக்க யார் அதிகம் ஒத்துழைக்கிறார் என்று பார்க்கும் விதி ஒன்றை 2006இல் சேர்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வன்முறையைச் சொன்ன தாய் ஒத்துழைக்காதவளாகத் தெரிந்தாள், அதற்குப் பயந்து பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2012இல் அந்த விதி போயிற்று. பெற்றோர் பொறுப்பைச் சமமாகப் பகிர வேண்டும் என்று முன்கூட்டியே அனுமானிக்கும் இன்னொரு பிரிவு 2024 மே வரை நீடித்து, அதுவும் போயிற்று. சட்டத்தில் இப்படியொரு விதி இல்லாத இடங்களிலும் அதே எதிர்பார்ப்பு உங்கள் கேள்விகளில் ஒளிந்திருக்கிறது. “கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா அம்மா?” அவள் விட்டுக்கொடுத்துத்தான் அத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தாள்.

வெளியேறியதும் வன்முறை முடிந்துவிட்டது என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். பிரிந்த பிறகுதான் பல பெண்களுக்கு ஆபத்து கூடுகிறது. பிள்ளையை ஒப்படைக்கும் நேரமும் இடமும் அவனுக்குத் தெரியும், அதுவும் நீதிமன்றமே எழுதிக் கொடுத்தது. பிள்ளையிடம் தினமும் பேச வேண்டும் என்ற உத்தரவைக் காட்டி இரவு பத்து மணிக்கு அழைப்பு வரும். “அம்மா பக்கத்துல யாரு இருக்கா?” என்று பிள்ளையிடம் கேட்கப்படும். அப்புறம், மனு மேல் மனு. சந்திப்பில் பத்து நிமிடம் தாமதம் என்று ஒன்று, பள்ளி மாற்றியதை எதிர்த்து ஒன்று, தீர்ந்துபோன விஷயத்தைத் திரும்பக் கிளப்பி ஒன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளுக்கு ஒரு நாள் கூலி போகிறது, வக்கீலுக்குப் பணம் போகிறது, அவனை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்தையே கருவியாக வைத்துத் தொடரும் வன்முறை இது. இப்படிப்பட்ட மனுக்களை, முன் அனுமதி இல்லாமல் போட முடியாதபடி நிறுத்திவைக்கும் அதிகாரத்தை இங்கிலாந்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. உங்களிடம் இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தினாலே எவ்வளவோ குறையும்.

வசதியை ஒப்பிடும் இடத்தில் இன்னொரு அநியாயம் நடக்கிறது. அவருக்குச் சொந்த வீடு, நிலையான சம்பளம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருடைய அம்மா. இவளுக்கு வாடகை அறை, புதிதாகக் கிடைத்த வேலை. அவளுக்குச் சேமிப்பு ஏன் இல்லை, வேலையை ஏன் விட்டாள், அந்தச் சொந்த வீட்டில் அவளால் ஏன் இருக்க முடியவில்லை என்று கேட்டால் வன்முறைதான் பதிலாக வரும். அதன் விளைவையே அவளுக்கு எதிரான மதிப்பெண்ணாகப் போடாதீர்கள். மேற்பார்வையோடு சந்திப்பு என்று உத்தரவிட்டுவிட்டு, மேற்பார்க்கும் பொறுப்பை அவருடைய தாயிடமே கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அடி விழுந்தபோது அதே வீட்டில் இருந்து தடுக்காதவர் அவர்.

சமரசப் பேச்சுக்குப் போங்கள் என்று அனுப்புவதைப் பற்றி ஒன்றே ஒன்று. ஐரோப்பிய நாடுகள் 2011இல் இஸ்தான்புல்லில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இப்படிப்பட்ட வழக்குகளில் கட்டாய சமரசத்தைத் தடை செய்யச் சொல்கிறது. கஸ்டடியும் சந்திப்பும் முடிவாகும்போது நடந்த வன்முறையைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. பயப்படுகிறவளும் பயமுறுத்துகிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டது உடன்பாடு ஆகாது.

குழந்தையிடம் பேசுங்கள். 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய வழக்கில் தன் கருத்து கேட்கப்படும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. கேட்கிறீர்கள்தான், ஆனால் எப்படி? அப்பா வெளியே காத்திருக்க, ஐந்து நிமிடத்தில், “யாரோட இருக்கப் பிடிக்கும் கண்ணா?” என்று. அந்தக் கேள்வி ஒரு குழந்தையிடம் கேட்கக் கூடாதது. வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும், சத்தம் வந்தால் எங்கே போய் இருப்பாய், ராத்திரி தூக்கம் வருமா என்று, பயிற்சி பெற்ற ஒருவர் அவசரப்படாமல் வேறு வேறு நாட்களில் கேட்டால் அது தானாகச் சொல்லும். போக மாட்டேன் என்று கத்தும் பிள்ளையை வலுக்கட்டாயமாக அனுப்பச் சொல்லி, அனுப்பாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு என்று தாயை மிரட்டுவதற்கு முன், அந்தக் கத்தலுக்குக் காரணம் என்ன என்று ஒருவராவது விசாரித்தார்களா என்று பாருங்கள்.

பொய்ப் புகார் வராதா என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். வரும். கனடாவில் 1998ஆம் ஆண்டுக்கான குழந்தைகள் பாதுகாப்பு விசாரணைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குழந்தை துன்புறுத்தப்படுவதாக வந்த புகார்களில் வேண்டுமென்றே புனையப்பட்டவை 4 சதவீதம். கஸ்டடி தகராறு உள்ள குடும்பங்களில் அது 12 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் அப்படிப் புனைவதில் முன்னால் நின்றவர்கள் பெயர் சொல்லாமல் புகார் செய்தவர்களும், குழந்தையைத் தம்மிடம் வைத்திராத பெற்றோரும், அதாவது பெரும்பாலும் தகப்பன்களும்தான். குழந்தையை வைத்திருந்த பெற்றோரும் குழந்தைகளும் புனைந்தது மிகக் குறைவு. எண்களை விடுங்கள், சரி. அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு தகப்பனுக்கும் நான் கேட்பதுதான் நல்லது. விசாரிக்காமல் விட்டால் அவர்மேல் சந்தேகம் வருடக்கணக்கில் தொங்கும். விசாரித்து, நடக்கவில்லை என்று எழுதினால் தலைநிமிர்ந்து பிள்ளையைப் பார்க்கப் போகலாம். அடிபட்ட ஆண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே விசாரணைதான் காப்பு.

பயிற்சி இல்லாமல் இதெல்லாம் நடக்காது என்பதும் தெரியும். அமெரிக்காவில், நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பின்போது தகப்பனால் 2018இல் கொல்லப்பட்ட ஏழு வயதுச் சிறுமி கேடனின் பெயரால் ஒரு சட்டப் பகுதி 2022இல் வந்தது. அதை ஏற்கும் மாநிலங்களுக்குக் கூடுதல் நிதி உண்டு. குடும்ப வழக்கை விசாரிக்கும் நீதிபதிகளுக்கு வன்முறை குறித்துத் தொடக்கத்தில் 20 மணி நேரம், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 15 மணி நேரம் பயிற்சி வேண்டும் என்கிறது அது. நிபுணர் என்று சாட்சி சொல்ல வருபவருக்கு வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்த அனுபவம் இருக்க வேண்டும் என்கிறது. 20 மணி நேரம் பெரிய நேரமில்லை. ஒரு வழக்கில் வீணாகும் வாய்தாக்களைவிடக் குறைவு. அதுவரைக்கும் பணம் அதிகம் இல்லாமலே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அவர்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் காத்திருக்க வைக்காதீர்கள். அவளை முதலில் வெளியே போகவிட்டு, அவரைச் சிறிது நேரம் உள்ளே நிறுத்துங்கள். அடித்தவரே எழுந்து அவளைக் குறுக்கு விசாரணை செய்ய விடாதீர்கள். அவளுடைய புது முகவரி எந்தக் காகிதத்திலும் அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியால் மறுபடி வீடு மாற வேண்டிவந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது உங்கள் பேனாவால் மட்டுமே ஆகக்கூடியது. வன்முறை என்ற புகார் இருக்கும் எந்தக் கஸ்டடி வழக்கிலும், இடைக்கால உத்தரவாக இருந்தாலும், சந்திப்பு நேரத்தை எழுதுவதற்கு முன் ஒரு பத்தி எழுதுங்கள். என்ன புகார் வந்தது, எந்தச் சாட்சியைப் பார்த்தீர்கள், நடந்தது என்று நம்புகிறீர்களா இல்லையா, நம்பினால் இந்தச் சந்திப்பு ஏற்பாடு குழந்தைக்கும் தாய்க்கும் பாதுகாப்பு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று அதில் இருக்கட்டும். இன்னும் விசாரிக்கவில்லை என்றால், விசாரிக்கவில்லை என்றே எழுதி, விசாரணைக்குத் தேதி குறியுங்கள். அதுவரை மேற்பார்வை இல்லாத சந்திப்பு வேண்டாம். உங்கள் முடிவு அவளுக்கு எதிராகவே இருந்தாலும், அந்தப் பத்தி இருந்தால் மேல்முறையீட்டில் காட்ட அவள் கையில் ஒன்று இருக்கும். இப்போது பல பெண்களின் கையில் இருக்கும் உத்தரவில் கிழமையும் மணியும் மட்டும்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தாய்மார்களுக்கு மனு எழுத உதவும் ஒருத்தி